முதலில் குகைக்குப் போயிருக்கலாம்

கிரியோன் கடைசியில் மனம் மாறுகிறான். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தைப் படித்தவர்களில் பலருக்கு இது நினைவில் நிற்பதில்லை. பிடிவாதக்கார அரசன் ஒருவன் இறங்கி வரவே இல்லை, அதனால் ஒரு பெண் செத்தாள் என்றுதான் கதை மனதில் தங்கிவிடுகிறது. ஆனால் நாடகத்தில் அவன் இறங்கி வருகிறான். கண் தெரியாத தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் ஆடிப்போய், தீப்ஸ் நகரத்துப் பெரியவர்களான கோரஸிடம், நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள், கேட்கிறேன் என்கிறான். அவர்கள் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள். போய் அந்தப் பெண்ணைப் பாறைக் குகையிலிருந்து விடுவி, வெளியே கிடப்பவனுக்கு ஒரு கல்லறை எழுப்பு. பெண் முதலில், பிணம் அடுத்து.

கிரியோன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். ஆனால் முதலில் ஓடுவது பிணத்திடம். பிறகு வந்து சொல்லும் தூதன் எதையும் விடாமல் விவரிக்கிறான். சமவெளியின் மேட்டில் ஆன்டிகனியின் சகோதரன் பாலினைசீஸின் உடல் நாய்கள் குதறிய நிலையில் கிடக்கிறது. பாதாள தெய்வங்களை வேண்டிக்கொள்கிறார்கள். உடலில் மிச்சம் இருந்ததை நீராட்டுகிறார்கள். புதிதாக ஒடித்த கிளைகளை அடுக்கி எரிக்கிறார்கள். சொந்த மண்ணை உயரமாகக் குவித்து மேடு எழுப்புகிறார்கள். ஒரு சடங்கிலும் குறை வைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் குகையின் பக்கம் திரும்புகிறார்கள். தூரத்திலேயே ஓர் அலறல் கேட்கிறது. அது தன் மகனின் குரல் என்று கிரியோனுக்குத் தெரிந்துவிடுகிறது.

மரணத்தைப் பற்றிய நாடகங்களில் இதற்கு இணையாக என்னை உலுக்கியது வேறொன்றும் இல்லை. அதற்குக் காரணம் இந்த வரிசைதான் என்று நினைக்கிறேன். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த நாடகம் சொல்கிறது. அது எல்லோரும் பார்ப்பது. இறந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உயிரோடு இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்றும் அதே அளவு கடுமையாகச் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஈடிபஸின் மகன்கள் இருவர், எட்டியோக்ளிஸ், பாலினைசீஸ். தீப்ஸின் ஆட்சிக்காகச் சண்டை. பாலினைசீஸ் அந்நியப் படையைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரின் ஏழு வாசல்களையும் தாக்குகிறான். அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். ஆட்சி அவர்களுடைய தாய்மாமன் கிரியோனிடம் வருகிறது. அவன் பிறப்பிக்கும் முதல் ஆணை இதுதான்: ஊரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம், ஊரைத் தாக்கிய பாலினைசீஸை யாரும் புதைக்கக் கூடாது, அழக்கூடாது, பறவைகளும் நாய்களும் தின்னட்டும். மீறினால் மரணம். அவர்களுடைய சகோதரி ஆன்டிகனி மீறுகிறாள். அவளை மணக்கவிருப்பவன் கிரியோனின் மகன் ஹைமோன். மாமன் மகன். ஊர்ச் சண்டை போலத் தொடங்கும் எல்லாமே ஒரே வீட்டுக்குள் நடக்கிறது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாடகம் முதலில் மேடையேறியது ஏறக்குறைய கி.மு. 441இல், ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த டயோனிசஸ் அரங்கில். பார்வையாளர்கள் எப்படிப்பட்ட மனநிலையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது முக்கியம். நாடகங்கள் அங்கே டயோனிசஸ் தெய்வத்தின் விழாவில்தான் நடக்கும்; அந்த விழாவில் துன்பியல் நாடகங்கள் தொடங்குவதற்கு முன் ஒரு நிகழ்ச்சி உண்டு. போரில் தந்தையை இழந்து நகரத்தின் செலவில் வளர்ந்த பிள்ளைகள், வயதுக்கு வந்ததும் முழுக் கவசம் அணிந்து அரங்கில் மக்கள் முன்னால் அணிவகுத்து வருவார்கள். போரில் இறந்தவர்களை நகரம் மறக்கவில்லை என்பதற்கு அவர்களே சாட்சி. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்த கூட்டம்தான், நகரத்துக்கு எதிராகப் போரிட்டு இறந்தவனைப் பற்றிய நாடகத்தைப் பார்க்கிறது. முதலில் அவர்கள் கிரியோன் பக்கம்தான் சாய்ந்திருப்பார்கள். ஏதென்ஸிலேயே துரோகிகளை நாட்டின் மண்ணில் புதைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. பாரசீகக் கடற்படையைச் சலாமிஸில் தோற்கடித்த தெமிஸ்டோக்ளிஸுக்கே அந்த கதி வந்தது. துரோகி என்ற பட்டத்தோடு வெளிநாட்டில் இறந்த அவருடைய எலும்புகளை, அவர் கேட்டுக்கொண்டபடி உறவினர்கள் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து ஏதென்ஸ் மண்ணில் புதைத்தார்கள் என்று ஒரு பேச்சு இருந்ததை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்கிறார். ஆன்டிகனி செய்ததை உண்மையில் செய்த ஆட்கள் அந்த ஊரில் இருந்தார்கள் என்று அந்த ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஆனால் ஏதென்ஸின் சட்டத்துக்கும் கிரியோனின் ஆணைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏதென்ஸ் துரோகியின் உடலை எல்லைக்கு வெளியே போட்டுவிடும். உறவினர்கள் வேறெங்காவது கொண்டுபோய்ப் புதைக்கலாம். கிரியோன் உடலை ஊரருகே கிடத்தி, காவல் போட்டு, அழுகும்வரை பார்க்கச் சொல்கிறான். தண்டிக்கப்பட வேண்டியவன் ஏற்கெனவே இறந்துவிட்டதால் தண்டனை உயிரோடு இருப்பவர்களின் கண்ணுக்கு வந்து சேர்கிறது. டைரீசியஸ் பின்னால் ஒரு கேள்வி கேட்பார்: செத்தவனை மறுபடி கொல்வதில் என்ன வீரம் இருக்கிறது?

ஆன்டிகனி செய்தது எவ்வளவு சின்ன காரியம் என்பதை நாடகம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. குழி தோண்டவில்லை. அவளால் முடியாது. உடல்மேல் மெல்லிய தூசியைத் தூவினாள், அவ்வளவுதான். காவலன் ஓடிவந்து சொல்லும்போது, கோடாலி பட்ட தடமில்லை, வண்டிச் சக்கரத் தடமில்லை, பாவம் ஒட்டக்கூடாது என்று யாரோ தூவியதுபோல் லேசாக மண் படிந்திருந்தது என்கிறான். கிரேக்கர்களிடையே வழியில் அநாதைப் பிணத்தைக் கண்டால் ஒரு பிடி மண்ணாவது போட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்தக் குறைந்தபட்சத்தைத்தான் அவள் செய்தாள். காவலர்கள் தூசியைத் துடைத்தெடுத்து உடலை மறுபடி திறந்துபோடுகிறார்கள். அவள் மறுபடி வருகிறாள், கூட்டைக் காலியாகக் கண்ட பறவைபோல் அலறிக்கொண்டு. கையால் மண்ணை அள்ளிப் போட்டு, வெண்கலக் குடத்திலிருந்து மும்முறை நீர்க்கடன் ஊற்றுகிறாள். இரண்டாவது முறைதான் பிடிபடுகிறாள்.

இவ்வளவு சின்ன காரியத்துக்காக உயிரை விடுவதா என்று முன்பு எனக்கும் தோன்றியதுண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் என் பெரியப்பா இறந்தார். உறையில் சுற்றிக் கட்டிய உடலை மருத்துவமனையிலிருந்து நேராகக் கொண்டுபோனார்கள். தொட அனுமதியில்லை. என் அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: முகத்தை மட்டும் ஒரு தடவை திறந்து காட்டுங்கள். அங்கே நின்ற பணியாளர் கெட்டவர் இல்லை. அவருக்கு விதி இருந்தது, அந்த விதிக்குக் காரணமும் இருந்தது, அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. முகம் திறக்கப்படவில்லை. அண்ணன் இன்றும் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவர் இறந்ததைவிட அதிகமாக அந்த முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார். இறந்தவருக்கு ஒரு பிடி மண்ணோ ஒரு பார்வையோ எதையும் மாற்றப்போவதில்லை. செய்ய முடியாமல் போனவருக்கு அது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு ஆன்டிகனியின் இரண்டாவது பயணம் எனக்கு மிகையாகத் தெரியவில்லை. முதல் தடவையே தூசி போட்டாயிற்று, சடங்கின் கணக்குப்படி கடமை முடிந்தது, பிறகு ஏன் திரும்பப் போனாள் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். உடல் மறுபடி திறந்து கிடந்ததால் போனாள். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, இதுவரை நான் சொன்னது ஆன்டிகனியின் பக்கம். இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கடினமானது.

அவள் மரணத்தை ஏற்கெனவே தன் வீடாக்கிக்கொண்டவள். நாடகத்தின் முதல் காட்சியிலேயே சகோதரி இஸ்மினியிடம் சொல்கிறாள்: இங்கே இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்களை நான் அதிக காலம் திருப்திப்படுத்த வேண்டும், அங்கேதான் என்றென்றும் கிடக்கப்போகிறேன். கிரியோன் முன்னால் நிற்கும்போது, நான் சாகப்போகிறவள் என்று எனக்குத் தெரியும், நீ அறிவிக்காவிட்டாலும் சாவு வரத்தானே போகிறது, காலத்துக்கு முன்பே வந்தால் அது எனக்கு லாபம் என்கிறாள். பிறகு இஸ்மினி, நானும் உன்னோடு சாகிறேன் என்று முன்வரும்போது அவள் சொல்லும் பதில்தான் எனக்கு நாடகத்திலேயே மிகக் குளிர்ந்த இடம். நீ வாழ்கிறாய், என் உயிர் எப்போதோ செத்துவிட்டது, இறந்தவர்களுக்கு உதவுவதற்காக.

எதிரே நிற்பவள் அந்தக் குடும்பத்தில் அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே சகோதரி. அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணன் தம்பி இருவரும் இல்லை. நீ இல்லாமல் நான் மட்டும் எப்படி வாழ்வேன் என்று அந்தப் பெண் அழுகிறாள். அந்தக் கேள்விக்கு ஆன்டிகனியிடம் இரக்கமான பதில் ஒன்றுமில்லை. கிரியோனைக் கேள், அவனுக்காகத்தானே நீ கவலைப்படுகிறாய் என்கிறாள். ஹைமோனின் நிலை இன்னும் மோசம். தனக்காக அப்பாவோடு சண்டை போட்டு, கடைசியில் தன் பக்கத்திலேயே சாகப்போகிறவன் அவன். அவனுடைய பெயரை அவள் சொல்வதே இல்லை. ‘அன்பு ஹைமோனே, உன் அப்பா உன்னை எப்படி அவமதிக்கிறார்’ என்று ஒரு வரி வருகிறது. சுவடிகளில் அது இஸ்மினியின் பேச்சாகத்தான் இருக்கிறது. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் சிலர் அதை ஆன்டிகனிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவள் ஒரு தடவையாவது அவனைக் கூப்பிடட்டும் என்ற ஆசை அவர்களுக்கு. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அந்த வரி இஸ்மினியிடம் இருப்பதுதான் சரி. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி யோசிக்கும் ஒரே ஆள் அந்தக் காட்சியில் அவள்தான்.

இஸ்மினியைக் கோழை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவள் சட்டத்தை நியாயம் என்று சொல்லவில்லை. இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், என்னால் முடியாது என்கிறாள். அந்த மன்னிப்பை உண்மையாகவே கேட்கிறாள்.

மறுபுறம் கிரியோன். அவனுக்கு மரணம் ஆட்சி நடத்தும் கருவி. தொடக்கத்தில் கோரஸ் சொல்கிறது, சாவை விரும்பும் அளவுக்கு யாரும் முட்டாள் இல்லை என்று. அவனும் ஆமாம், அதுதான் கூலி என்கிறான். அவனுடைய ஆணையின் பலம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: எல்லோரும் சாவுக்குப் பயப்படுவார்கள். பயப்படாத ஒருத்தி வந்து நின்றதும் அவனிடம் வேறு ஆயுதமே இல்லை. இந்தக் கல்யாணத்தை எனக்காக நிறுத்தப்போவது பாதாள தெய்வமான ஹேடீஸ்தான் என்கிறான். அவள் வணங்குவது அந்த ஒரு தெய்வத்தைத்தானே, அதனிடமே வேண்டிக்கொள்ளட்டும் என்று கேலி செய்கிறான். தைரியசாலிகளும் சாவு பக்கத்தில் வரும்போது ஓடப்பார்ப்பார்கள், கட்டிப்போடுங்கள் என்று கட்டளையிடுகிறான். முதலில் அறிவித்த தண்டனை ஊரார் கல்லெறிந்து கொல்வது. பிறகு அதை மாற்றுகிறான். உயிரோடு பாறைக் குகையில் அடைத்து, ஊருக்குப் பாவம் சேராத அளவுக்கு மட்டும் கொஞ்சம் உணவு வைக்கச் சொல்கிறான். கொல்லவும் வேண்டும், கொன்றவன் என்ற பெயரும் வரக்கூடாது.

இந்த இருவருக்கும் நடுவில் கோரஸ் பாடும் புகழ்பெற்ற பாட்டு ஒன்று இருக்கிறது. மனிதன் எவ்வளவு அதிசயமானவன் என்ற பாட்டு. குளிர்காலக் காற்றில் கடலைக் கடக்கிறான், நிலத்தை உழுகிறான், பறவைகளை வலைவிரித்துப் பிடிக்கிறான், குதிரையை நுகத்தில் பூட்டுகிறான், பேச்சையும் எண்ணத்தையும் தானே கற்றுக்கொண்டான், தீராத நோய்களுக்கும் வழி கண்டான். ஒன்றிலிருந்து மட்டும் தப்ப அவனுக்கு வழி கிடைக்கவில்லை, அது சாவு. பாட்டு முடியும் தருவாயில் காவலன் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு உள்ளே வருகிறான். மனித ஆற்றலின் புகழ்ப் பாட்டு என்று இதைத் தனியே எடுத்துப் போற்றுவது வழக்கமாகிவிட்டது. பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் அதை அப்படித் தனியே எடுக்க மனம் வராது. வெல்ல முடியாத ஒன்றை மனிதர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் பயன்படுத்தத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது முன்னுரை.

குகைக்கு அழைத்துப் போகும்போதுதான் ஆன்டிகனி முதன்முறையாக உடைகிறாள். காலத்துக்கு முன்பே சாவது லாபம் என்று சொன்னவள், இதுதான் நான் பார்க்கும் கடைசி வெயில் என்று அழுகிறாள். கல்யாணப் பாட்டு இல்லை, மணமகனும் இல்லை, பாதாள நதி ஆக்கெரோனுக்குத்தான் என்னை மணமுடிக்கிறார்கள் என்கிறாள். இறந்தவர்களோடும் சேராதவள், உயிரோடு இருப்பவர்களோடும் சேராதவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். கல்லறையே, மணவறையே என்று குகையை விளித்துப் பேசுகிறாள். மற்றவர்களுக்கெல்லாம் நீராட்டி, நீர்க்கடன் செய்தவள், தனக்கு அழ ஆளில்லாததால் தன் கையறுநிலையைத் தானே பாடிக்கொள்கிறாள். தெய்வங்களுக்காகத்தானே செய்தேன், ஏன் இன்னும் தெய்வங்களைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்டுவிடுகிறாள்.

அந்த இடத்தில்தான் எல்லோரையும் தடுமாற வைக்கும் அந்தப் பேச்சு வருகிறது. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன் என்கிறாள். கணவன் போனால் இன்னொருவன் கிடைப்பான், பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை பிறக்கும், அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்ட பிறகு இன்னொரு சகோதரன் பிறக்க வழியில்லை. ஜெர்மன் கவிஞர் கதே இந்த வரிகளை வெறுத்தார். இவை சோஃபக்ளீஸ் எழுதியவை அல்ல என்று யாராவது அறிஞர் நிரூபித்தால் நன்றாக இருக்கும் என்று 1827இல் சொன்னார். ஆனால் அரிஸ்டாட்டிலே இந்தப் பகுதியை மேற்கோள் காட்டியிருக்கிறார். ஹெரோடோட்டஸின் வரலாற்றில் ஒரு பாரசீகப் பெண் கிட்டத்தட்ட இதே வாதத்தைச் சொல்லித் தன் சகோதரனின் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் வாதத்தால் உயிரோடு இருக்கும் ஒருவன் பிழைக்கிறான். ஆன்டிகனி அதே வாதத்தை ஏற்கெனவே இறந்தவனுக்காகச் சொல்கிறாள், அவனை அது திருப்பித் தராது. கதேயைப்போல் எனக்கு அந்த வரிகளை நீக்கத் தோன்றவில்லை. சாவுக்கு முன்னால் நிற்கும் ஒருத்தி தான் செய்ததற்கு ஒரு கணக்குத் தேடுகிறாள். கணக்கு சரியாக வரவில்லை. அப்படித்தான் இருக்கும்.

டைரீசியஸ் வரும்போது அவள் போய்விட்டாள். பலிபீடத்தில் நெருப்புப் பற்றவில்லை, பறவைகள் வெறிபிடித்துக் கத்துகின்றன, நாய்களும் பறவைகளும் அந்தப் பிணத்தின் சதையைக் கொண்டுவந்து நகரத்தின் பலிபீடங்களையெல்லாம் தீட்டாக்கிவிட்டன என்கிறார் அவர். பிறகு கிரியோனின் குற்றத்தை இரண்டே கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறார். மேலே இருக்க வேண்டிய உயிரைக் கீழே தள்ளினாய். கீழே போக வேண்டிய உடலை மேலே வைத்துக்கொண்டாய். நாடகம் முழுவதற்கும் இதுதான் தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன். அதில் உயிர்தான் முதலில் வருகிறது. கோரஸ் சொன்ன வரிசையிலும் உயிர்தான் முதலில் வந்தது.

அப்படியானால் கிரியோன் ஏன் பிணத்திடம் முதலில் போனான்? அவனுக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. தீட்டு நகரத்தையே பாதிக்கிறது, குகையில் இருப்பவளுக்கு உணவு இருக்கிறது, கொஞ்ச நேரம் பொறுக்கலாம். ஆட்சியில் இருப்பவன் அப்படித்தான் யோசிப்பான். குகைக் காட்சி கடைசியில் வந்தால்தான் நாடகத்துக்குப் பலம், அதற்காகவே சோஃபக்ளீஸ் வரிசையை மாற்றினார் என்றும் சொல்லலாம். அதையும் மறுக்கவில்லை. எனக்குத் தோன்றுவது, அவனுடைய பச்சாதாபமும் அவனுடைய ஆணையைப் போலவே இறந்தவனைப் பற்றியதாக இருக்கிறது. காலையிலிருந்து அவன் எண்ணமெல்லாம் அந்தப் பிணத்தைச் சுற்றித்தான். வெறுத்தபோதும் பிணம், பயந்தபோதும் பிணம். நடுவில் ஒரு பெண் உயிரோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்கு இரண்டாவது வேலை. இந்த ஒரு விஷயத்தில் மாமனும் மருமகளும் ஒரே மாதிரிதான். சகோதரியின் அழுகை அவளுக்கும் இரண்டாவதாகத்தான் இருந்தது.

குகையில் என்ன நடந்தது என்பதைத் தூதன் சொல்லித்தான் கேட்கிறோம். கிரேக்க மேடையில் சாவைக் கண்முன் காட்டுவது அரிது. மெல்லிய துணியைச் சுருக்காக்கி அவள் தூக்கில் தொங்குகிறாள். ஹைமோன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அப்பாவைப் பார்த்ததும் பேசாமல் முகத்தில் துப்பி வாளை உருவுகிறான். குறி தவறுகிறது. அதே வாளைத் தன் விலாவில் பாய்ச்சிக்கொண்டு அவள்மேல் சாய்கிறான். அவள் எந்த நேரத்தில் சுருக்கை மாட்டிக்கொண்டாள் என்று நாடகம் சொல்வதில்லை. மண்மேடு குவித்துக்கொண்டிருந்த நேரமா, அதற்கும் முன்பா? சொல்லியிருந்தால் கிரியோன் முதலில் குகைக்குப் போயிருந்தாலும் பயனில்லை என்றோ, போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்றோ ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். அந்த முடிவு அவனுக்குக் கிடைப்பதில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு ஒரு தாய் நிற்கிறாள். கிரியோனின் மனைவி யூரிடைசி. நாடகத்தில் அவளுக்கு ஒன்பதே வரிகள். அவற்றில் அவள் கேட்பது, எனக்குத் துயரம் புதிதல்ல, முழுவதும் சொல்லுங்கள் என்பதுதான். தூதன் சொல்லி முடித்ததும் ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போகிறாள். இந்த அமைதி சரியில்லை என்று கோரஸ் பயப்படுகிறது. சிறிது நேரத்தில் அவளும் பலிபீடத்தருகே குத்திக்கொண்டு இறந்த செய்தி வருகிறது, கணவனைச் சபித்துவிட்டு.

கிரியோன் மட்டும் உயிரோடு இருக்கிறான். இன்பங்களை இழந்தவனை நான் வாழ்கிறவன் என்று சொல்ல மாட்டேன், அவன் மூச்சுவிடும் பிணம் என்று தூதன் முன்பே சொல்லிவிட்டான். மகனின் உடலோடு மேடைக்கு வருகிறவன், மனைவியின் உடலையும் பார்த்தபின், சாவே வா, இன்னொரு நாளைப் பார்க்க வேண்டாம் என்று கதறுகிறான். காலையில் சாவை மற்றவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தவன். அது பின்னால் நடக்க வேண்டியது, இப்போது இருப்பதைக் கவனி என்று கோரஸ் பதில் சொல்கிறது. மேலோட்டமாக ஆறுதல் இல்லாத பதில். என் கண்ணுக்கு அதுதான் நாடகத்திலேயே நேர்மையான பதில்.

இது பழங்கதைக்குள் மட்டும் நடந்ததில்லை. சோஃபக்ளீஸ் தொண்ணூறு வயதைத் தொட்ட காலத்தில், கி.மு. 406இல், ஏதென்ஸ் அர்கினூசே தீவுகளருகே ஸ்பார்ட்டாவின் கடற்படையைத் தோற்கடித்தது. புயல் வந்ததால், உடைந்த கப்பல்களில் தொற்றிக்கொண்டிருந்தவர்களையும் இறந்தவர்களின் உடல்களையும் மீட்க முடியவில்லை. துக்க உடையில், தலையை மழித்துக்கொண்டு மக்கள் அவைக்கு வந்தார்கள். வெற்றி தேடித் தந்த தளபதிகளில் ஊர் திரும்பிய ஆறு பேருக்கும் தனித்தனி விசாரணை இல்லாமல் மொத்தமாக மரண தண்டனை. அந்தத் தீர்மானம் சட்டவிரோதம் என்று எதிர்த்து நின்றவர் சாக்ரடீஸ். கொஞ்ச காலத்திலேயே ஏதென்ஸ் வருந்தியது, மக்களை ஏமாற்றித் தூண்டிவிட்டவர்கள் என்று சிலர்மேல் வழக்குப் போட்டது என்று அக்கால வரலாற்றாசிரியர் செனோஃபோன் எழுதுகிறார். கடலில் போனவர்களுக்காக அழுத அந்தக் குடும்பங்களின் துக்கம் நூறு சதவீதம் நியாயமானது. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டுதான் உயிரோடு இருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். அதே அரங்கில் ‘ஆன்டிகனி’யைப் பார்த்த கிழவர்கள் அந்த மக்கள் அவையிலும் இருந்திருப்பார்கள்.

இன்றைக்கு இந்த நாடகம் பெரும்பாலும் அரசுக்கு எதிரான தனிமனிதக் குரலாக நடிக்கப்படுகிறது. அதில் தவறில்லை. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இதை நடித்தபோது நெல்சன் மண்டேலா ஏற்றது கிரியோன் வேடம் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஆனால் அரசியலாக மட்டும் நடிக்கும்போது ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் ஆன்டிகனியின் உடலையும் கொண்டுவந்து கிடத்துகிறார்கள், தியாகி என்பதால். மூலத்தில் அப்படி இல்லை. ஏறக்குறைய 1,350 வரிகள் கொண்ட நாடகத்தில் அவள் 943ஆம் வரியோடு மேடையை விட்டுப் போகிறாள். மூன்றே நடிகர்கள் எல்லா வேடங்களையும் பகிர்ந்துகொண்ட காலம் அது. அவளாக நடித்தவர் பெரும்பாலும் முகமூடியை மாற்றிக்கொண்டு வேறு ஆளாகத் திரும்பி வந்திருப்பார். ஹைமோனின் உடல் வருகிறது. யூரிடைசியின் உடல் காட்டப்படுகிறது. கிரியோன் மகனுக்காக அழுகிறான், மனைவிக்காக அழுகிறான். கடைசிக் காட்சியில் ஆன்டிகனியின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. அவளை யார் குகையிலிருந்து இறக்கினார்கள், யார் நீராட்டினார்கள், யாராவது புதைத்தார்களா என்று ஒரு வரிகூட இல்லை. இஸ்மினிக்கு அந்தச் செய்தியை யார் சொன்னார்கள் என்பதும் இல்லை. அடக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாடகம் இந்த ஒரு அடக்கத்தைப் பற்றி எதுவும் பேசாமல் முடிகிறது. எந்த இயக்குநராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த உடலைக் கொண்டுவர வேண்டாம். பார்க்கிறவர்கள் அவளைத் தேடட்டும்.